ஆத்தும ஆதாயமும் அரைப் படிப்பும்

கிறிஸ்தவர்கள் தங்கள் மதத்தைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும் வேலைக்குத் தமிழில் "ஆத்தும ஆதாயம்" என்று பெயர் வைத்திருக்கின்றார்கள். பெயர் வைத்தவர் யாரோ, உள்ளதை உள்ளபடியே சொல்லிவிட்டார். ஆதாயம் என்றால் லாபம். லாபம் என்று வந்துவிட்டால் சரக்கு, தரகு, வாடிக்கை எல்லாம் பின்னாலேயே வந்துவிடும். அப்படித்தான் வந்தும் இருக்கின்றது. இந்த வேலையில் இறங்கும் வாலிபர்களுக்கு அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சிபாரிசு செய்யப்படும் புத்தகங்களின் ஜாபிதாவைப் பார்த்தாலே இது விளங்கும். அந்தப் புத்தகங்களில் உள்ள பேச்சுத்தான் கைப்பிரதியாக மாறி நமது தெருத் திண்ணைகளுக்கும் வந்து சேருகின்றது. ஆதலால் அதைப் பற்றி நம் வாசகர்கள் தெரிந்துகொள்வது அவசியமாகும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றோம். ஒருவர் தமக்குச் சரியென்று பட்டதைப் பிறரிடம் சொல்லக் கூடாது என்பது நமது கட்சியல்ல. நாமும் பிரசாரம் செய்கிறவர்கள்தான். சொல்ல ஒருவருக்கு உரிமை உண்டு. கேட்கவும், மறுக்கவும், எழுந்து போகவும் மற்றவருக்கு உரிமை உண்டு. மதம் மாறினால் தண்டனை, மதத்தைப் பற்றிப் பேசினால் தண்டனை என்று சர்க்காரைக் கூப்பிடுகிறவர்கள் தங்கள் சரக்கில் நம்பிக்கை இல்லாதவர்களே. நாம் கேட்பது ஒரே ஒரு கேள்வி. ஊருக்கு உண்மை சொல்லப் புறப்படுகிறவர், உண்மை எது என்று தேடிப் படித்துவிட்டுப் புறப்படுகின்றாரா? அல்லது பேச்சில் ஜெயிப்பதற்கு மட்டும் படித்துவிட்டுப் புறப்படுகின்றாரா?

விற்பனைப் பாடம்

இந்த ஜாபிதாவில் உள்ள புத்தகங்கள் மூன்று தினுசு. முதல் தினுசு, பேசும் முறையைக் கற்றுக் கொடுப்பவை. பில் பிரைட் என்பவர் கலிபோர்னியாவில் மிட்டாய் வியாபாரம் செய்தவர். அவர் 1951-ம் வருஷத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பல்கலைக்கழக மாணவர்களுக்குள் மதப் பிரசாரம் செய்ய ஒரு சங்கம் ஆரம்பித்தார். நல்ல விற்பனைக்காரன் ஒவ்வொருவனுக்கும் மாறாத ஒரே பேச்சு இருக்க வேண்டும் என்று விற்பனை ஆலோசகர் ஒருவர் சொல்லக் கேட்டு, அவர் தமது மதத்தை நான்கு விதிகளாகச் சுருக்கி ஒரு சிறு புத்தகம் செய்தார். கடவுள் உன்னை நேசிக்கின்றார், நீ பாவி, இயேசு ஒருவரே வழி, நீ அவரை இப்போதே ஏற்றுக் கொள்ள வேண்டும் என்பவைதான் அந்த நான்கு. அதில் ஜெபமும் தயாராக அச்சடித்திருக்கும். படித்துக் காட்ட வேண்டியது, ஜெபத்தைச் சொல்ல வைக்க வேண்டியது; அவ்வளவுதான் வேலை. இது கோடிக்கணக்கில் அச்சாகி உலகம் முழுவதும் பரவியிருக்கின்றது.

பிளாரிடா மாகாணத்தில் பாதிரியாயிருந்த ஜேம்ஸ் கென்னடி 1970-ல் வெளியிட்ட புத்தகம் இதற்கும் ஒரு படி மேல். அதில் இரண்டு கேள்விகள் கற்றுக் கொடுக்கப்படுகின்றன. இன்று இராத்திரி நீ செத்தால் மோட்சம் நிச்சயமா என்பது ஒன்று. கடவுள் உன்னை வாசலில் நிறுத்தி, எதற்காக உன்னை உள்ளே விடவேண்டும் என்று கேட்டால் என்ன பதில் சொல்வாய் என்பது மற்றொன்று.

தோழர்களே! இன்ஷியூரன்ஸ் ஏஜெண்டு வீட்டுக்கு வந்தால் முதலில் என்ன கேட்கின்றார்? "திடீரென்று உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பெண்டு பிள்ளைகள் கதி என்ன?" என்று கேட்கின்றார். பயத்தை முதலில் எழுப்பு, பிறகு பாலிசியை நீட்டு என்பதுதான் அந்தத் தொழில் ரகசியம். ஆனால் இன்ஷியூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்த குடும்பத்தை நாம் பக்கத்துத் தெருவிலேயே பார்க்கலாம். கொடுக்காவிட்டால் கோர்ட்டுக்குப் போகலாம். இந்தப் பாலிசிக்கோ செத்த பிறகுதான் பட்டுவாடா. பட்டுவாடா ஆயிற்று என்று திரும்பி வந்து சொன்ன ஆள் ஒருவரும் இல்லை. மோட்சம் என்று ஓர் இடம் இருக்கின்றதா என்ற கேள்வியைக் கேட்காமலேயே, அதன் வாசலில் கொண்டுபோய் ஒருவனை நிறுத்திவிடுவது கேள்வியின் சாமர்த்தியமே தவிர பதிலின் யோக்கியதையல்ல.

ஒருதலை விசாரணை

இரண்டாவது தினுசு, ஆதாரப் புத்தகங்கள். இவைகளில் முதல் ஸ்தானம் சி. எஸ். லூயிஸ் எழுதியதற்கு. 1941 முதல் 1944 வரை யுத்த காலத்தில் அவர் லண்டன் ரேடியோவில் பேசிய பேச்சுக்களே 1952-ல் ஒரே புத்தகமாக வந்தன. நன்றாக எழுதத் தெரிந்தவர், சந்தேகமில்லை. அவருடைய பிரசித்தி பெற்ற வாதம் இது: தன்னைத் தேவன் என்று சொன்ன இயேசு ஒன்று பொய்யராயிருக்க வேண்டும், அல்லது பைத்தியக்காரராயிருக்க வேண்டும், இரண்டும் இல்லையென்றால் தேவனாகவே இருக்க வேண்டும். வெறும் நல்ல போதகர் என்று சொல்லித் தப்ப முடியாது என்கின்றார்.

ஏன் முடியாது? நான்காவது வழி ஒன்று எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி கிடக்கின்றதே! அவர் அப்படிச் சொல்லவேயில்லை, பின்னால் வந்தவர்கள் சொல்ல வைத்தார்கள் என்று ஏன் இருக்கக் கூடாது? இயேசு பேசியது அரமேயிக் பாஷை. சுவிசேஷங்கள் எழுதப்பட்டதோ கிரேக்க பாஷையில். அதுவும் அவர் இறந்து பல பத்து வருஷங்கள் கழித்து. எழுதினவர்கள் மூலத்தில் தங்கள் பெயரைக்கூடப் போடவில்லை. தம்மைத் தேவனுக்குச் சமானமாக அவர் வெளிப்படையாகப் பேசுவது பெரும்பாலும் யோவான் சுவிசேஷத்தில்தான். அது நான்கிலும் பிந்தியது என்பது வேத விற்பன்னர்களில் பெரும்பாலோர் அபிப்பிராயம். நமது ஊரில் ஒரு சாமியார் செத்து முப்பது வருஷத்திற்குள் அவருடைய அற்புதங்கள் எத்தனை பெருகுகின்றன என்பதை நாம் கண்ணால் பார்க்கவில்லையா? சாமியாரும் பொய்யரல்ல, சொல்கிறவனும் பைத்தியக்காரனல்ல. கதை மட்டும் வளர்ந்திருக்கும்.

லூயிசைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் சொல்ல வேண்டும். ஒருவருடைய அறிவு, ஆதாரம் எதிர்ப்பக்கமே கனமாயிருக்கின்றது என்று காட்டுமானால், அவர் கிறிஸ்தவத்தை ஏற்க வேண்டுமென்று தாம் கேட்கவில்லை என்று அவரே எழுதியிருக்கின்றார். யோக்கியமான பேச்சு. இந்த ஒரு வாக்கியத்தை அவருடைய சிஷ்யகோடிகள் கடைப்பிடித்தாலே நாம் இவ்வளவு எழுத வேண்டியிராது.

அடுத்தது லீ ஸ்ட்ரோபெல் 1998-ல் எழுதிய புத்தகம். இவர் சிக்காகோ நகரப் பத்திரிகையொன்றில் கோர்ட்டு விவகாரங்களை எழுதி வந்தவர். ஆகவே இயேசுவின் வழக்கை ஜூரிக்கு முன் வைப்பதுபோல விசாரிக்கின்றார். பதின்மூன்று பண்டிதர்களைப் போய்க் கண்டு குறுக்கு விசாரணை செய்ததாகச் சொல்லுகின்றார். பதின்மூன்று பேரும் யார்? பதின்மூன்று பேரும் விசுவாசிகள்! எதிர்க்கட்சிப் பண்டிதர் ஒருவரைக்கூடக் கூண்டில் ஏற்றவில்லை. எதிர்க்கட்சியார் சொல்வது என்ன என்பதையும் இந்தக் கட்சியாரிடமே கேட்டு எழுதிக்கொள்கின்றார். பிரதிவாதிக்குச் சம்மனே அனுப்பாமல் வாதியின் சாட்சிகளை மட்டும் விசாரித்துக் கொடுக்கும் தீர்ப்புக்குக் கோர்ட்டில் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு என்று பெயர். நம் ஊர் முனிசீப்பு கோர்ட்டில்கூட அதை ரத்து செய்ய மனுப் போடலாம். தேவனுடைய கோர்ட்டில் மாத்திரம் அதற்கு இடமில்லை போலும்!

மூன்றாவது தினுசு, தந்திரப் புத்தகங்கள். 2009-ல் கிரெக் கோகில் எழுதிய புத்தகத்திற்குத் "தந்திரங்கள்" என்றே பெயர். ஒன்றும் தெரியாதவன்போலக் கேள்வி கேட்டுக் குற்றவாளியைப் பிடிக்கும் டெலிவிஷன் துப்பறிவான் ஒருவனைப்போல, எதிரியைக் கேள்வியாலேயே மடக்க வேண்டுமாம். நீ சொல்வதன் அர்த்தம் என்ன, அந்த முடிவுக்கு நீ எப்படி வந்தாய் என்பவை அதில் முக்கியமான கேள்விகள். நாம் இவைகளை ஆக்ஷேபிக்கவில்லை. இரு கை நீட்டி வரவேற்கின்றோம். ஆனால் இவைகளை எதிரி வீட்டில் பிரயோகிப்பதற்கு முன் சொந்த வீட்டில் ஒரு தடவை பிரயோகித்துப் பார்த்தாரா என்பதுதான் நமது கேள்வி. பரிசுத்த ஆவி என்பதன் அர்த்தம் என்ன? கன்னி பெற்றாள் என்ற முடிவுக்கு நீ எப்படி வந்தாய்?

ஜாபிதாவில் இல்லாதவை

ஒரு புத்தக ஜாபிதாவின் குணம் அதில் உள்ளதைக் கொண்டு பாதிதான் தெரியும். மீதிப் பாதி, அதில் விடப்பட்டதைக் கொண்டு தெரியும்.

உலகமெங்கும் போய் எல்லோருக்கும் சுவிசேஷம் சொல்லுங்கள் என்ற கட்டளை இந்த ஊழியத்திற்கெல்லாம் ஆணிவேர் என்கின்றார்கள். அந்தக் கட்டளை மாற்கு சுவிசேஷத்தில் 16-ம் அதிகாரம் 15-ம் வசனத்தில் இருக்கின்றது. ஆனால் கிரேக்க வேதப் பிரதிகளில் மிகப் பழையவையும் முழுமையானவையுமான இரண்டு, நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஒன்று வாத்திக்கான் புத்தகசாலையில் இருக்கின்றது. மற்றொன்று, 1933-ல் ருஷ்ய சர்க்கார் ஒரு லட்சம் பவுனுக்கு விற்று இன்று லண்டனில் இருக்கின்றது. அந்த இரண்டிலும் மாற்கு 8-ம் வசனத்தோடு முடிந்துபோகின்றது! 9 முதல் 20 வரை உள்ளவை பின்னால் சேர்ந்தவை என்று கிறிஸ்தவப் பண்டிதர்களே பெரும்பாலும் ஒப்புக்கொண்டு, புது மொழிபெயர்ப்புகளில் அடிக்குறிப்பும் போடுகின்றார்கள். மத்தேயுவில் அதே கட்டளை இருக்கின்றதே என்பார்கள். இருக்கின்றது. ஆனால் நம்பாதவன் ஆக்கினைக்குள்ளாவான் என்ற பயமுறுத்தல் அந்த இடத்தில் இல்லை. அது மாற்கின் இந்த ஒட்டுப் பகுதியில்தான் இருக்கின்றது. நம்புகிறவர்கள் பாம்பைப் பிடிப்பார்கள், விஷம் குடித்தாலும் சாகமாட்டார்கள் என்பதும் அதே ஒட்டுப் பகுதிதான். இதை அப்படியே நம்பிப் பாம்பு பிடிக்கும் சபைகளைப் பரப்பிய ஜார்ஜ் ஹென்ஸ்லி 1955-ல் பாம்பு கடித்தே செத்தார். வாசற்படி ஏறி இந்த வசனத்தைச் சொல்லுகிற வாலிபருக்கு இந்தச் சங்கதி சொல்லிக் கொடுக்கப்படுகின்றதா?

இன்னும் கேளுங்கள். 1807-ல் லண்டனில் ஒரு பைபிள் அச்சிட்டார்கள். மேற்கிந்தியத் தீவுகளில் கரும்புத் தோட்டங்களில் கிடந்த நீக்ரோ அடிமைகளை மதத்தில் சேர்ப்பதற்காகவே பொறுக்கி எடுத்துச் செய்த பைபிள் அது. முழுப் பைபிளில் உள்ள 1189 அதிகாரங்களில் அதில் இருப்பது 232 மாத்திரம். எவை போயின? எகிப்தில் அடிமைகளாயிருந்தவர்களை மோசே விடுவித்து அழைத்துப்போன கதை போய்விட்டது. அடிமையென்றும் சுயாதீனனென்றும் பேதமில்லை என்று பவுல் எழுதின இடம் போய்விட்டது. எது நின்றது? அடிமைகள் எஜமான்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற இடம் மட்டும் பத்திரமாய் நின்றது! பிறர் புத்தகத்தை மறைப்பது ஒருபுறமிருக்க, தங்கள் சொந்த வேதத்தையே கேட்பவனிடமிருந்து மறைத்தார்கள் என்றால், இந்த "நற்செய்தி" யாருக்கு நற்செய்தி என்று யோசித்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் தென்பகுதி பாப்டிஸ்டு சபை 1845-ல் தனியாகப் பிரிந்தது எதற்காக? அடிமைகளை வைத்திருப்பவர் மிஷனரியாகப் போகலாமா என்ற தகராறில்தான். போகலாம் என்றவர்கள் தனிச் சபை கண்டார்கள். அந்தச் சபை அடிமைத்தனத்தை ஆதரித்ததற்காக மன்னிப்புக் கேட்டது 1995-ல். அதாவது 150 வருஷம் கழித்து! கத்தோலிக்க சபையோ இன்னும் வெளிப்படை. படிக்க வேண்டாதவை என்றே ஒரு ஜாபிதா வைத்து, 1559-ல் ஆரம்பித்து 1966 வரை அதை நடத்தி வந்தது. இங்கிலாந்தில் தாமஸ் பெயினுடைய "அறிவின் காலம்" என்ற புத்தகத்தை அச்சிட்டு விற்றதற்காக ரிச்சர்டு கார்லைல் 1819-ல் தண்டிக்கப்பட்டு ஏறக்குறைய ஆறு வருஷம் ஜெயிலில் கிடந்தார். பதில் சொல்ல முடியாத புத்தகத்திற்கு ஜெயில்தான் பதில்!

கேட்பவன் திருப்பிக் கேட்டால்

1977-ல் டானியல் எவரெட் என்ற அமெரிக்க மிஷனரி, பெண்டு பிள்ளைகளோடு பிரேசில் தேசத்து அமேசான் காட்டில் பிரஹான் என்னும் சிறு ஜாதியாரிடம் போனார். அவர்கள் பாஷையைக் கஷ்டப்பட்டுக் கற்று, மாற்கு சுவிசேஷத்தை அதில் மொழிபெயர்த்தார். அவர்கள் கேட்ட கேள்வி மிகச் சாதாரணமானது. இந்த இயேசுவை நீ பார்த்தாயா? இல்லை. உன் தகப்பன் பார்த்தானா? இல்லை. அப்படியானால் பாராத ஆளைப் பற்றி எங்களிடம் ஏன் சொல்லுகிறாய்? தம்முடைய சிற்றன்னை தற்கொலை செய்துகொண்டதையும், அந்தத் துக்கத்திலிருந்து இயேசு தம்மை மீட்டதையும் அவர் உருக்கமாகச் சாட்சி சொன்னார். அவர்கள் சிரித்துவிட்டார்கள். நாங்கள் எங்களைக் கொன்றுகொள்வதில்லையே என்றார்கள். அந்தச் சிரிப்பில் அவர் யோசிக்கத் தொடங்கி, கடைசியில் தமது நம்பிக்கையையே விட்டார். அதனால் குடும்பமும் உடைந்தது. 2008-ல் இதையெல்லாம் தாமே புத்தகமாக எழுதினார். எழுத்தில்லாத காட்டு ஜனங்கள் கேட்ட கேள்விக்கு, கட்டுக் கட்டாய்ப் படித்துவிட்டுப் போன ஆதாரப் புத்தகங்களில் பதில் அகப்படவில்லை!

எல்லாக் கதையும் சிரிப்பில் முடிவதில்லை. 2018 நவம்பரில் 26 வயது அமெரிக்க வாலிபர் ஒருவர் அந்தமானைச் சேர்ந்த வட சென்டினல் தீவுக்கு இயேசுவைச் சொல்லப் போனார். அங்குள்ள ஆதிகுடிகளிடம் வெளியார் போகக் கூடாதென்று 1956 முதலே சட்டம் இருக்கின்றது. வெளியுலகத்துச் சாதாரண ஜலதோஷம்கூட அந்த ஜனங்களைப் பூண்டோடு அழித்துவிடலாம். அவர்கள் அவரை அம்பெய்து விரட்டினார்கள், அவர் மறுபடியும் போனார், செத்தார். அவருடைய சாவில் நமக்குச் சந்தோஷமில்லை, வருத்தமே உண்டு. ஆனால் அவரைப் படகில் கொண்டுபோய் விட்ட ஏழை மீனவர்கள் கைது செய்யப்பட்டார்களே, அவர்கள் எந்த மோட்சத்திற்கு ஆசைப்பட்டார்கள்? வேண்டாம் என்று ஒருவன் சொன்னால் திரும்பி வா என்று சொல்லும் ஒரு பக்கம் அந்த வாலிபர் மனத்தில் பதிந்திருந்தால், இன்று அவரும் உயிரோடிருப்பார். கேட்கிறவனுக்குச் சாந்தமாய்ப் பதில் சொல்லத் தயாராயிரு என்றுதான் பேதுருவின் நிருபத்தில்கூட இருக்கின்றது. கேளாதவனைத் துரத்திப் போ என்று அந்த இடத்தில் இல்லை.

ஆக்ஷேபணைகளுக்குச் சமாதானம்

பாதிரிமார்கள் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வைக்கவில்லையா என்று கேட்பார்கள். வைத்தார்கள். தெருவில் நடக்கக் கூடாதென்று விரட்டப்பட்டவன் பிள்ளையைப் பெஞ்சியில் உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த நன்றியை நாம் ஒருநாளும் மறைக்க மாட்டோம். ஆனால் எழுத்துச் சொல்லிக் கொடுத்தது நல்ல காரியம் என்பதால் கன்னி பெற்றது மெய்யாகிவிடாது. அன்றியும் அந்த எழுத்தைக் கொண்டு நாம் எல்லாவற்றையும் படிக்க வேண்டாமா?

இதைப் பார்த்துச் சைவ வைணவப் பண்டிதர்கள் மீசை முறுக்க வேண்டியதில்லை. கிறிஸ்தவரிடமாவது எல்லோரும் படிக்கலாம் என்று ஒரு ஜாபிதா இருக்கின்றது. சூத்திரன் வேதத்தைக் காதால் கேட்டாலே தண்டனை என்று சாஸ்திரம் எழுதினவர்கள் பேச வாயெடுக்க யோக்கியதை ஏது? அந்த ஜாதி விஷம் கிறிஸ்தவக் கோவிலுக்குள்ளும் புகுந்தது. 1833-ல் கல்கத்தா பிஷப் டானியல் வில்சன், சபைக்குள் ஜாதி பேதத்தை ஒழிக்க உத்தரவு போட்டபோது, தஞ்சாவூர், வேப்பேரி முதலிய இடங்களில் மேல்ஜாதிக் கிறிஸ்தவர்கள் சபையை விட்டாலும் விடுவோம், ஜாதியை விடமாட்டோம் என்று நின்றார்கள். இரட்சிக்கப்பட்ட ஆத்துமாவுக்கும் தனிப் பந்தி! இதுவும் எந்த ஜாபிதாவிலும் இல்லை.

நமது ஜாபிதா

ஆகவே, பிறருக்கு மதம் சொல்லப் புறப்படும் கிறிஸ்தவத் தோழர்களுக்கு நாமும் ஒரு ஜாபிதா சிபாரிசு செய்கின்றோம்.

முதலாவது, பைபிளையே ஆதியாகமம் முதல் கடைசிவரை ஒன்றுவிடாமல் படியுங்கள். அடிக்குறிப்புகளையும் சேர்த்துப் படியுங்கள். நான்கு விதிகளில் அடங்காத சங்கதி அதில் எவ்வளவு இருக்கின்றது என்பது தெரியும்.

இரண்டாவது, உங்களுக்கு எதிர்க்கட்சி பேசினவர்களை அவர்கள் வார்த்தையிலேயே படியுங்கள். பெயினைப் படியுங்கள். 1927-ல் லண்டனில் பெர்ட்ரண்டு ரஸ்ஸல் தாம் ஏன் கிறிஸ்தவரல்ல என்று பேசியதைப் படியுங்கள். மூடி பைபிள் கலாசாலையில் படித்து, பிரதிகளை ஆராய்ந்து, பின்னால் நம்பிக்கையிழந்த பார்ட் எர்மன் 2005-ல் எழுதியதைப் படியுங்கள். பில்லி கிரகாமோடு மேடையேறிப் பிரசங்கித்து, பிறகு விலகிய சார்லஸ் டெம்பிள்டன் 1996-ல் கடவுளுக்கு விடை கொடுத்து எழுதியதைப் படியுங்கள்.

மூன்றாவது, உங்கள் மதம் யாரிடம் சொல்லப்பட்டதோ அவர்கள் எழுதியதைப் படியுங்கள். அடிமையாய்ப் பிறந்து தப்பி வந்த பிரடெரிக் டக்ளஸ் 1845-ல் தமது சரித்திரத்தை எழுதினார். அதில் கிறிஸ்துவின் மதம் வேறு, சவுக்கு பிடித்தவன் மதம் வேறு என்று பிரித்துக் காட்டியிருக்கின்றார். அவர் நாஸ்திகரல்ல, உங்கள் கட்சிக்காரரே.

இவ்வளவும் படித்த பிறகும் உங்கள் நம்பிக்கை நிற்குமானால், தாராளமாய் எங்கள் தெருவுக்கு வாருங்கள். பாய் போட்டு உட்கார வைத்து, மோர் கொடுத்துக் கேட்கின்றோம். படிக்காமல் வருவீர்களானால் அது பிறருக்கு உண்மை சொல்லும் வேலையாகாது. யாரோ எழுதிக் கொடுத்த விளம்பரத்தைச் சம்பளமில்லாமல் வாசிக்கும் வேலையேயாகும்.

நம் வாசகத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கைப்பிரதி கொடுக்க வருகிறவரை ஏசாதீர்கள், கல்லெறியாதீர்கள், அவரைக் கண்டு பயப்படவும் வேண்டாம். உட்கார வைத்து மூன்றே கேள்விகள் கேளுங்கள். இதை நீர் பார்த்தீரா, அல்லது கேள்விப்பட்டீரா? இதை மறுத்து எழுதினவர்களில் யாரைப் படித்தீர்? இது பொய்யென்று எது காட்டினால் நீர் விட்டுவிடுவீர்? அதே மூன்று கேள்விகளை அவர் உங்களிடம் திருப்பிக் கேட்பாரானால், பதில் சொல்ல நீங்களும் தயாராயிருங்கள். அதற்கு நீங்களும் படித்திருக்க வேண்டும். நமது பத்திரிகையை மட்டுமல்ல, அவர் கையிலுள்ள புத்தகத்தையும் சேர்த்துப் படித்திருக்க வேண்டும்.